உயிர்த்தவரின் பரிவும் பேராக் மண்ணும்

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் தீ மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடருக்கு அப்பமும் மீனும் அளிக்கிறார். பின்னர்த் தம் ஆடுகளைப் பேணும் பொறுப்பைப் பேதுருவிடம் ஒப்படைக்கிறார். மீட்பரின் பரிவு அடியாரின் கடமையாக மாறும் இடம் இதுவே.

ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்த பேராக்கில், அக்கடமையை ஏற்றவராகச் சிபில் கார்த்திகேசுவை நாம் காண்கிறோம். கத்தோலிக்கச் செவிலியரான அவர், தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் மருத்துவரை மணந்து, அவருடன் ஈப்போவில் மருந்தகம் நடத்தினார். பப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் படையினருக்கு மறைவாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் சிறைப்பட்டுக் கொடிய வதைக்கு உள்ளானபோதும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், வதையில் பட்ட காயத்தின் விளைவாக 1948இல் பிரிட்டனில் மறைந்தார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் ஆலயத்தருகே அடக்கம் செய்யப்பட்டது.

நம்பியவரை மீட்பர் ஏன் காக்கவில்லை என மாணவர் வினவலாம். உயிர்த்தவரின் கைகளிலும் ஆணித் தழும்புகள் நீங்கவில்லை என்கிறது அதே நற்செய்தி. சிபிலின் நம்பிக்கை அவரைத் துன்பத்திலிருந்து விலக்கவில்லை. துன்புறுவோர் பக்கத்தில் நிறுத்தியது.