திருக்கேதாரமும் மந்தாகினியின் வழியும்

வடநாட்டிலுள்ள பாடல்பெற்ற தலங்களுள் திருக்கேதாரமும் ஒன்று. திருஞானசம்பந்த சுவாமிகளும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இத்தலத்துக்கு ஒவ்வொரு திருப்பதிகம் அருளியுள்ளார்கள். இருவரும் நேரிற் சென்றிலர். திருக்காளத்தியில் இருந்தவாறே பாடியருளினர் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். ஆதலின் 2013-ஆம் ஆண்டு அம்மலையூருக்கு நேர்ந்த அழிவும், அதன்பின் அது புதுக்கப்பெற்ற வரலாறும் தமிழ்நாட்டுச் சைவ நன்மக்கள் அறியவேண்டுவனவாம்.

கேதாரம் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டு பனியாறுகள் உருகி, மேற்கே மந்தாகினியாகவும் கிழக்கே சரசுவதியாகவும் இறங்குகின்றன. அவை காலந்தோறும் கொணர்ந்து குவித்த கல்லும் மணலுமே ஊர் அமைந்த நிலம். பனிக்காலத்தில் திருக்கதவம் அடைக்கப்பெற்று, உற்சவ மூர்த்தி உகிமடத்து ஓங்காரேசுவரர் திருக்கோயிலுக்கு எழுந்தருள்வார். எஞ்சிய ஆறு திங்களில் வரும் யாத்திரிகரைக் கொண்டே விடுதிக்காரரும், கடைக்காரரும், குதிரைக்காரரும், டோலி சுமப்போரும் ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும். அதனால் ஊர் பெருகிற்று. கிழக்கே நெடுங்காலம் நீரின்றிக் கிடந்த பழைய ஆற்றுப்படுகையிலும் கட்டடங்கள் எழுந்தன.

2013 ஜூன் 15, 16 ஆகிய இரு நாட்களில் சோராபாரிப் பனியாற்றருகே 325 மில்லிமீட்டர் மழை பெய்தது. 16-ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணியளவில் வந்த முதல் வெள்ளம் ஊரின் மேற்பகுதியையும் ஆதிசங்கரர் சமாதியையும் வாரிச் சென்றது. மறுநாட் காலை ஆறேமுக்கால் மணியளவில் சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. மனிதர் கட்டிய கரையன்று அது. பனியாறு ஒதுக்கிய கற்குவியலேயாம். ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உடைய அவ்வேரி சில நிமிடங்களில் வற்றிற்று. ஆறு தன் பழைய கிழக்கு வழியை மீண்டும் எடுத்துக்கொண்டது. அம்மாநிலத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். குப்தகாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆடவரை இழந்த இல்லங்கள் பல.

திருக்கோயில் மட்டும் நின்றது. வெள்ளத்தோடு உருண்டுவந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்னே தங்கி நீரை இருபாலும் பிரித்துவிட்டது. அன்பர்கள் அதனைப் பீமசிலை என்று வழிபடுகின்றனர். திருவருள் என்று கூறுதற்கு யாம் சற்றும் நாணோம். ஆயினும் பெருங்கற்களை அடுக்கி, பனியின் பாரத்தையும் தாங்குமாறு கட்டிய அப்பழைய தச்சரின் அறிவும் அவ்வருளின் வழிப்பட்டதேயன்றோ? அவர் கட்டியது நின்றது. அதனைச் சுற்றி நாம் நெருக்கிக் கட்டியவை நில்லாதொழிந்தன. நம்மூர்களிலும் திருக்குளத்துக்கு நீர்வரும் வாய்க்காலின்மேற் கடை கட்டிவிட்டுக் கோபுரத்துக்கு வண்ணந் தீட்டுவார் உண்டு. அதுவும் திருப்பணி என்றே அழைக்கப்படுகிறது!

அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பூசை மீண்டும் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் கோயிலின் அடித்தளத்தை ஆராய்ந்தனர். திருப்பதிகம் சென்ற நாட்டிலிருந்து இத்தொண்டும் சென்றது. ஊரை எழுப்புமுன் வழியை எழுப்ப வேண்டியிருந்தது. கௌரிகுண்டத்திலிருந்து சென்ற 14 கிலோமீட்டர் பழைய நடைவழி, இடையிலிருந்த இராம்பாரா என்னும் தங்கலோடு அழிந்துபோயிற்று. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தார் இராம்பாராவில் ஆற்றைக் கடந்து மறுகரை வழியே புதுப்பாதை அமைத்தனர். தூரம் 16 கிலோமீட்டராயிற்று. கனத்த பொறிகள் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டன. கடுங்குளிரிலும் அங்கே தங்கி வேலைசெய்த கூலியாட்களின் பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை.

2017 அக்டோபரில் பிரதமர் அடிக்கல் நாட்டிய பின்னர்ப் பணி விரைந்தது. இருமருங்கும் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. கோயில் முன்னே அகன்ற வீதி அமைந்தது. 2021 நவம்பர் 5-இல் புதிய சங்கரர் திருவுருவம் திறக்கப்பெற்றது. வீதி அகலும்பொருட்டு வெள்ளத்துக்குத் தப்பிய இல்லங்கள் சிலவும் இடிக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தீர்த்த புரோகிதர்கள் தம் நிலவுரிமை பற்றி அரசோடு வாதாடினர். அவர்கள் கேட்டது முறையே என்பது எம் கருத்து. கோயிலைச் சுற்றி வெளி வேண்டும் என்பதும் முறையே; ஆனால் அவ்வெளிக்கு விலை கொடுத்தவர்க்கு உரியது உடனே சென்று சேரவேண்டும்.

2014-இல் அங்கு ஏறியவர் ஏறத்தாழ 40,000 பேர். 2023-இல் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பெருகிய ஊரை ஒருமுறை ஆறு கொண்டபின், அதனினும் பெருங்கூட்டத்தை அவ்விடத்திலேயே வரவேற்கின்றோம். சுவர்கள் ஆற்றைத் தடுக்கலாம், மழையைத் தடுக்குமாறில்லை. 2024 ஜூலை 31-ஆம் நாள் இரவு பெய்த மழையில் புதுப்பாதை பலவிடங்களில் அறுந்து, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகரை மீட்க நேர்ந்தது. 2025-இல் சோன்பிரயாகையிலிருந்து 12.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவட ஊர்திக்கு நடுவணரசு இசைவளித்தது. ஏறமாட்டா முதியோர்க்கு அது பேருதவியாம். அது கொண்டுசேர்க்கும் மக்கள் அனைவரும் இரவில் எங்கே தங்குவர் என்பதே கேள்வி.

இராம்பாரா மீண்டும் ஊராக எழவில்லை. அவ்விடத்தில் யாத்திரிகர் பாலத்தைக் கடந்து மறுகரை ஏறுகின்றனர். கீழே பாறைகளினூடே மந்தாகினி போகின்றது.