திருகாணி வெட்டிய கைகள்

தமிழ் மங்கையர் காதில் அணியும் தோட்டின் பின்புறத்தே சிறு திருகாணி ஒன்று உண்டு. பழைய தட்டார் கையால் செய்த தோடாயின், வலக்காதின் திருகாணி இடக்காதின் தோட்டில் ஏறாது. ஆதலின் நம் பாட்டிமார் தோட்டைக் கழற்றும்போது ஒன்றில் மட்டும் சிவப்பு நூலைச் சுற்றி அடையாளம் செய்து வைப்பர். இளம்பருவத்தில் அதன் காரணத்தை நாம் வினவியதுண்டு. "அததுக்கு அதது ஜோடி" என்பதே கிடைத்த விடை. அவ்விடையினுள் ஒரு தொழிலின் முழு வரலாறும் அடங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்திலேயே உணர்ந்தோம்.

தோட்டிற்கு இருந்த அந்நிலையே துப்பாக்கிக்கும் இருந்தது. இரண்டும் சிறு திருகாணியால் பூட்டப்படுவன. இரண்டையும் ஒரு காலத்தில் கைத்தொழிலாளரே செய்தனர். அத்தொழில் நம் திருவிதாங்கூர் மண்ணில் வேரூன்றிய கதையையும், அது மாறிய கதையையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஓர் ஆணியின் உடலைச் சுற்றி ஏறிச் செல்லும் சரிவையே மரை என்கிறோம். பார்வைக்கு எளிது, செய்வதற்கோ அரிது. 1543-இல் ஜப்பான் நாட்டின் தானேகாஷிமாத் தீவில் போர்ச்சுகீசியர் வந்திறங்கினர். அவர்களிடம் இரு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கிய தீவுத் தலைவன், அவை போன்று செய்யுமாறு தன் கொல்லரைப் பணித்தான். வாள் செய்வதில் நிகரற்ற அக்கொல்லரால் குழலைச் செய்ய முடிந்தது. குழலின் அடிப்புறத்தை அடைக்கும் மரையைச் செய்ய முடியவில்லை. மறு ஆண்டு வந்த ஓர் அயல்நாட்டுக் கொல்லரிடம் கற்ற பின்னரே அது கைகூடிற்று என அந்நாட்டுப் பழைய வரலாறு கூறுகிறது. ஒரு மரைக்காக ஒரு நாட்டின் கொல்லர் ஓராண்டு காத்திருந்தனர்!

நம் பகுதிக்கு வருவோம். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றனர். அப்போது பிடிபட்டவர்களுள் ஒருவரான டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராக உயர்ந்தார். தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அருகிலுள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் திருத்திக் கட்டப்பெற்றது. அக்கோட்டையினுள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. ஐரோப்பிய முறையில் துப்பாக்கி ஏந்திப் பயின்ற காலாட்படையும் உருவாயிற்று.

பீரங்கி வார்ப்பது பெருந்தொழில். துப்பாக்கியைப் பழுது நீக்கிக் காப்பதோ நுண்தொழில். அக்காலத் தீக்கல் துப்பாக்கியின் பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதன் உட்புறத்தே தகட்டுவில், பற்று, கொக்கி ஆகியன சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று தேய்ந்தாலும் குதிரை நில்லாது, பொறி பறவாது. ஆங்கிலக் கொல்லரும் இத்திருகுகளை ஆணி என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர். நாமும் திருகாணி என்றே சொல்கிறோம். இரு மக்களும் ஒரே கண்கொண்டு நோக்கினர் போலும்!

படைவீரன் ஒருவன் துப்பாக்கியில் ஒரு திருகாணியை இழந்தால், வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி இடுவதற்கு இயலாது. ஒவ்வொரு துளைக்கும் அதன் ஆணியைத் தனியே செய்தாக வேண்டும். அதற்குரிய கருவிகள் கடையில் கிடைப்பன அல்ல. கொல்லன் தானே செய்துகொள்வன.

அவற்றுள் முதலாவது மரைத்தகடு. எஃகுத் தகட்டில் பலவகை அளவுகளில் மரையுள்ள துளைகள் இருக்கும். இரும்புக் கம்பியின் நுனியை அரத்தால் தேய்த்து, எண்ணெயிட்டு, அத்துளையினுள் அழுத்தித் திருகினால், கம்பியின்மேல் மரை பிதுங்கி எழும். தட்டார் கம்பி இழுக்கும் அச்சைக் கண்டவர்களுக்கு இதன் உறவு எளிதில் விளங்கும். இரண்டாவது, துளையின் உட்புறத்தில் மரை வெட்டும் கருவி. எஃகில் ஒரு திருகாணியைச் செய்து, அதன் பக்கங்களைத் தேய்த்து வெட்டுமுனை உண்டாக்கி, சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பர். தோய்ச்சலோடு விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆகையால் மீண்டும் மெல்லச் சூடேற்றுவர். சுமார் 230 பாகை வெப்பத்தில் எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும். வெட்டும் கருவிக்கு அதுவே பதம். சுமார் 300 பாகையில் மயில் கழுத்தின் நீலம் தோன்றும். வில்லுக்கு அதுவே பதம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கொல்லனின் கண்ணே வெப்பமானி.

மூன்றாவது திருப்புளி. திருகாணியின் தலையிலுள்ள பிளவுக்குச் சற்றும் தளராது பொருந்துமாறு திருப்புளியின் முனையைத் தீட்டிக்கொள்வர். பொருந்தாத திருப்புளி வழுக்கித் தலையைச் சிதைக்கும். பிறர் திருப்புளியைத் தொடவும் விடாத கைவினைஞரை நாம் கண்டிருக்கிறோம். அது கருமித்தனம் அன்று, தொழிலின் ஒழுக்கம்.

இந்நிலையை மாற்றியோர் இங்கிலாந்தின் இருவர். சுமார் 1800-இல் ஹென்றி மாட்ஸ்லே மரையைத் துல்லியமாக வெட்டும் கடைசல் பொறியை அமைத்தார். அவர் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1841-இல் மரைக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குல ஆணிக்கு அங்குலத்திற்கு 20 மரை. அரை அங்குல ஆணிக்கு 12. ஓர் அங்குல ஆணிக்கு 8. இதனால் ஓர் ஊரில் செய்த ஆணி மற்றோர் ஊரின் துளையில் ஏறிற்று. 1836-இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற சாமுவேல் கோல்ட்டின் சுழல் துப்பாக்கியும் பின்னர்ப் பொறிகளாலேயே பெருவாரியாகச் செய்யப்பட்டது. ஆயினும் இறுதியில் உறுப்புக்களை இசையச் சேர்ப்பதற்கு அரம் பிடித்த கை தேவைப்பட்டது.

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு இம்மாற்றத்தின் பயன் நன்கு தெரியும். பண்டகசாலைக்கு அளவையும் எண்ணிக்கையையும் ஒரு வரியில் எழுதினால் போதும். ஆணி வந்து சேரும். வெட்டியவர் எவர் என்று எவரும் கேட்பதில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவை வந்தபின் அங்குல மரைக்கு மாறாக மில்லிமீட்டர் மரை பரவிற்று. அதுவும் பொது அளவே.

துப்பாக்கிக் கொல்லரின் வாழ்வைப் பொறி மட்டும் மாற்றவில்லை. 1809-இல் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழியைக் கடந்து உதயகிரியைக் கைப்பற்றியது. திருவிதாங்கூரின் பழைய படை கலைக்கப்பட்டது. ஆங்கில இந்தியாவில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அனுமதியின்றி ஆயுதம் செய்தலைத் தடுத்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் செய்வதற்கும் பழுது பார்த்து விற்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உயிரைப் பறிக்கும் கருவிக்கு அக்கட்டுப்பாடு வேண்டுவதே. 1966-இல் திருச்சிராப்பள்ளியில் அரசின் படைக்கலத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வீட்டுத் திண்ணைப் பட்டறையின் தொழில் ஆலைக்குச் சென்றது.

ஆனால் கைத்திறன் துப்பாக்கியோடு முடிந்துவிடவில்லை. திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணியை நம்மில் பலர் குழந்தைகளுக்குக் காட்டியிருப்போம். மணி அடிக்கும் வேளையில் தாடி முகம் வாயைத் திறக்க, இரு ஆடுகள் கன்னங்களில் முட்டுமாறு அமைக்கப்பெற்ற கடிகாரம் அது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், வானாய்வு நிலையத்தை நடத்திய கால்டிகாட் துரையின் மேற்பார்வையில், குளத்தூக்காரன் எனப்பட்ட உள்ளூர்க் கைவினைஞர் அதைச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. துப்பாக்கிப் பூட்டில் வில்லும் பற்றும் செய்யும் பணியையே கடிகாரத்திலும் வில்லும் பற்றும் செய்கின்றன. ஒன்று போருக்கு, மற்றொன்று பொழுதறிவதற்கு.

உதயகிரியில் 1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை இன்றும் உளது. அதன்மேல் இலத்தீனோடு தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டு வீரர் ஒருவருக்குத் தமிழ் செய்த மரியாதை அது. நெஞ்சம் பூரிக்கிறது. ஆயின், அவர் படையின் துப்பாக்கிகளுக்கு ஒவ்வொரு திருகாணியாக வெட்டித் தந்தவர்களின் பெயரை அக்கல் தாங்கவில்லை. குளத்தூக்காரனுக்கும் ஊரின் பெயரே எஞ்சியது. பெற்றோர் இட்ட பெயர் எஞ்சவில்லை.

நம் குடியிருப்பிலும் அரம் பிடித்தும், கடைசல் பொறி ஓட்டியும், பொன் உருக்கியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெரியவர்கள் உளர். படித்த பிள்ளைகள் மேசைக்கு வந்துவிட்டோம். அவர்தம் திருப்புளியும் மரைத்தகடும் பழைய இரும்போடு எடைக்குச் செல்கின்றன. அன்பர்களே! அவற்றை விற்குமுன் அவர்களிடம் ஒரு நாழிகை அமருங்கள். இக்கருவியைச் செய்தவர் யார், எவரிடம் கற்றார், எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு, ஒரு தாளில் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அப்பெயர்கள் இடம்பெறுமாயின், பாட்டியின் தோட்டில் சுற்றிய சிவப்பு நூலைப்போல, எந்த ஆணி எந்தக் கையினது என்பதை நம் மக்கள் மறவாதிருப்பர்.