விலையும் மதிப்பும்: ஓர் இத்தாலியப் பந்தய வண்டியின் வரலாறு

பொருளுக்கு விலை உண்டு, மதிப்பும் உண்டு. இரண்டும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். ஒன்றல்ல என்பதற்குச் சான்றாக, மோட்டார் வண்டி ஒன்றின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதப் புகுகின்றோம். தமிழ்ச் சங்கத்தின் மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள் கட்டுரையின் இறுதி வரை பொறுத்தருள வேண்டுகின்றோம்.

இத்தாலிய வண்டி நமக்குப் புதியதன்று. பிழைப்புத் தேடி வந்து காலனிகளில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் ஃபியட்டே. இத்தாலியில் உருவாகி, பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆலையில் செய்யப்பட்டு, 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பூண்ட அவ்வண்டி, 2023 அக்டோபரில் மும்பையின் வாடகை வண்டிக் கூட்டத்திலிருந்தும் விடைபெற்றது. நம் இல்லத்திலும் அத்தகைய ஃபியட் ஒன்று இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதனைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். வந்த பணம் அவ்வாண்டுத் தீபாவளிப் பட்டாசுக்கும் பட்சணத்துக்கும் சரியாய்ப் போயிற்று. அதே இத்தாலியில் 1962-ஆம் ஆண்டில் பிறந்த மற்றொரு வண்டியோ, 2023 நவம்பரில் நியூயார்க் நகர ஏலத்தில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. இரும்பும் அலுமினியமும் ரப்பரும் கொண்ட இரண்டு வண்டிகளுக்கிடையே இத்துணை வேறுபாடு எங்ஙனம் வந்தது?

அவ்வண்டியின் குலப்பெயர் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. அதனைப் படைத்த என்ஸோ ஃபெராரி 1898-இல் மோடெனா நகரில் பிறந்தவர். ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்துக்காகப் பந்தயம் ஓட்டியவர். 1929-இல் தமக்கெனப் பந்தய அணி ஒன்று நிறுவியவர். அவர் பெயர் தாங்கிய முதல் வண்டி மரனெல்லோ என்னும் சிற்றூரிலிருந்து 1947-இல் வெளிவந்தது. பந்தயத்தில் வெல்வதே அவர் நோக்கம். ஊருக்குள் ஓட்டும் வண்டிகளை விற்றது அச்செலவுக்குப் பணம் தேடவே என்பர்.

பெயரிலேயே ஒரு கதை உண்டு. 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து 2,953 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 300 குதிரைத்திறன். ஜி.டி. என்பது நெடும்பயணத்துக்குரிய உயர்தர வண்டி வகையைக் குறிக்கும். கடைசி எழுத்தாகிய ஓ, ‘ஒப்புதல் பெற்றது’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. வேடிக்கை இங்கேதான் உள்ளது. இவ்வகைப் பந்தயத்தில் ஒரு வண்டி கலந்துகொள்ள வேண்டுமாயின் நூறு வண்டிகளாவது செய்திருக்க வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தயச் சங்கத்தின் அன்றைய விதி. ஃபெராரியோ 1962 முதல் 1964 வரை செய்தவை 36 மட்டுமே. நான்கு லிட்டர் இயந்திரம் பூண்ட மூன்றையும் கூட்டினால் 39. ‘இது புது வண்டியன்று, முன்னரே விற்ற 250 ஜி.டி. வண்டியின் திருத்திய வடிவமே’ என்று அவர் வாதிட்டார், சங்கமும் ஏற்றது. 1964-இல் வேறொரு வண்டிக்கு அதே வாதத்தை அவர் கொண்டு சென்றபோது சங்கம் ஏற்கவில்லை.

வண்டியை வகுத்தவர் ஜியோட்டோ பிட்சாரினி. அவர் 1961-இன் இறுதியில் வேறு சில தலைமைப் பொறியாளர்களுடன் ஆலையை விட்டு விலக நேர்ந்தது. எஞ்சிய பணியை இளைஞராகிய மௌரோ ஃபோர்கியேரி ஏற்று முடித்தார். மேனியை ஸ்காலியெட்டி பட்டறையின் தொழிலாளர் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே உருவாக்கினர். ஆதலால் ஒரு வண்டியைப் போல் மற்றொன்று அச்சாக இராது. அளந்து பார்ப்போர் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்குமே வேறுபாடு காண்பர்.

1962 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் நகரில் நடந்த பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில், பில் ஹில்லும் ஒலிவியே ஜாந்தபியானும் இவ்வண்டியை ஓட்டித் தம் பிரிவில் முதலிடமும், மொத்தத்தில் இரண்டாம் இடமும் பெற்றனர். 1962, 1963, 1964 ஆகிய மூன்றாண்டுகளிலும் அப்பிரிவின் உலகப் பட்டம் ஃபெராரிக்கே உரியதாயிற்று.

இனி விலையின் போக்கைப் பார்ப்போம். புதிய வண்டி அமெரிக்காவில் 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவரை என்ஸோ ஃபெராரியே ஏற்க வேண்டும். ஆனால் பந்தய வண்டிக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் புதியவை வந்து இதனை முந்தின. பிறகு இதனைத் தேடுவார் இலர். டெக்ஸஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரில் ஒரு வண்டியை, மாணவர் இயந்திரத் தொழில் பழகட்டும் என்று ஓர் உயர்நிலைப் பள்ளிக்கே கொடையாகக் கொடுத்துவிட்டனர்! பள்ளி அதனை 1972-இல் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் நெடுங்காலம் நிறுத்தி வைத்தார். அன்று அவ்வண்டி விலையிழந்ததே யொழிய மதிப்பிழக்கவில்லை. மதிப்பைக் காணும் கண் அன்று உலகுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி மறைந்தார். அதனை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு ஜி.டி.ஓ.வின் விலை ஒரு கோடி டாலரைத் தாண்டியது. உடனே விற்று லாபம் காணும் எண்ணத்தோடு வாங்கினோர் பலர். சில ஆண்டுகளுக்குள் சந்தை சரிந்தது. விலை பழைய உச்சத்தின் சிறு பங்காய்ச் சுருங்கியது. வண்டியில் ஒரு திருகாணியும் மாறவில்லை. மாறியது மனிதர் மனமே. பின்னர் 2014-இல் 3 கோடியே 81 லட்சம் டாலர், 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலர் என ஏல விலை ஏறியது. 2023-இல் விற்றது நான்கு லிட்டர் இயந்திரத்தோடு பிறந்தது. ஒரே உரிமையாளரிடம் 38 ஆண்டுகள் இருந்தது.

இவ்வண்டிகளை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது பளபளப்பையன்று. சட்டத்தில் பொறித்த எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் ஆலையின் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா? பிறந்த நாள் முதல் இன்று வரை யார் யார் கையில் இருந்தது? இடையில் கண்ணி அறாமல் ரசீதுகளும் கடிதங்களும் உள்ளனவா? எப்பந்தயத்தில் யார் ஓட்டினர்? இவற்றையே கேட்கின்றனர். அறிந்த தொழிலாளி ஒருவர் இன்றும் அதே வடிவில் மேனி தட்டிவிட முடியும். அத்தகைய நகல்கள் உலகில் உண்டு. அறுபதாண்டு வரலாற்றைத் தட்டி உருவாக்க எந்தச் சுத்தியலாலும் இயலாது.

அவ்வரலாறு வெற்றி மட்டுமே கொண்டதன்று. 2014-இல் ஏலம் போன வண்டியை முதலில் ஓட்டியோருள் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ஆன்ரி ஒரெய்யே. 1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற வீரர் அவர். 1962 அக்டோபரில் மோன்லேரி பந்தயத் தடத்தில் அவ்வண்டி விபத்துக்குள்ளாகி அவர் உயிர் நீத்தார். வண்டியைச் செப்பனிட்டனர், மீண்டும் பந்தயங்களில் ஓடியது, பின்னர் ஒரே குடும்பத்திடம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இருந்தது. விபத்தை எவரும் மறைக்கவில்லை. ஏலத்தார் வெளியிட்ட வரலாற்றில் அதுவும் ஒரு பக்கமாக நின்றது. மறைத்திருந்தால் ஐயமே எழுந்திருக்கும். எழுதி வைத்ததால் நம்பிக்கை பிறந்தது. ஓட்டியவரின் உயிரை எந்த ஏலமும் விலையிட்டுவிட முடியாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

2019-இல் பொலோனா நகர நீதிமன்றம் இவ்வண்டியின் வடிவத்தைக் கலைப்படைப்பாக ஏற்று, நகல் செய்தலைத் தடுத்தது. பட்டறைத் தொழிலாளர் கை வேலைக்கு இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

இனி, நாம் வாக்களித்தபடி சங்கத்துக்கு வருவோம். நம் இல்லத்து ஃபியட்டைக் கொடுத்த அன்றே அதன் பதிவுப் புத்தகத்தையும், தந்தையார் பத்திரப்படுத்தியிருந்த பழுதுபார்ப்பு ரசீதுகளையும் குப்பையில் சேர்த்தோம். கோடி டாலர் அதில் வந்திராது, அதனை அறிவோம். ஆனால் எந்த நாளில், எத்தனை மாதச் சேமிப்பில் அது வாசலுக்கு வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டபோது விடை கூற நம்மிடம் ஒரு தாளும் இல்லை.

சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளும், முதல் உறுப்பினர்களின் சந்தா நோட்டுகளும், ஆண்டு மலர்களும் இன்று நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரும் பழைய காகிதக்காரரும் வாரந்தோறும் வாசலில் குரல் கொடுக்கின்றனர். எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படித்து முடித்ததும் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அவற்றின் விலை மிகச் சிறிது. மதிப்பை நமக்குப் பின் வருவோர் சொல்வர்.