மெழுகு போன வழி

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்கள் இருட்டில் வந்து இருட்டிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களுக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இப்போது பார்த்தாலும் செம்பனைதான் தெரியும். அங்கே பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு ஐம்பது வயதிலேயே கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. “வலிச்சா புடுங்கிடுவாங்கய்யா. அடைக்கிறதெல்லாம் தொரை வூட்டு ஆளுங்களுக்குத்தான்” என்பார். பிடுங்கியவர் தோட்டத்து டிரெசர்.

எனக்கு அப்படி இல்லை. தமிழ்ப்பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸி, அழ அழ என் கடைவாய்ப் பல்லைக் குடைந்து வெள்ளிநிற அடைப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. போன வருஷம் முறுக்கு கடித்தபோது அடைப்பு அப்படியே இருக்க, பக்கத்துப் பல்சுவர் பிளந்துகொண்டது. பார்த்த டாக்டர், மறுபடி அடைப்பதைவிட ‘இன்லே’ நல்லது என்றார். வாய்க்குள்ளேயே குழைத்து அடைக்காமல், பள்ளத்துக்கு அளவாக வெளியே ஒரு துண்டு செய்து ஒட்டுவதுதான் இன்லே.

பொறியாளன் புத்தி சும்மா இருக்குமா? படித்துப் பார்த்தேன். பாதரச அடைப்பு பல்லோடு ஒட்டாது. அதனால் பள்ளத்தைப் பானைபோல, வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் வெட்டவேண்டும். இன்லேக்கு நேர் எதிர். டம்ளர்போல வாய் சற்று விரிந்திருந்தால்தான் துண்டு உள்ளே இறங்கும். அந்தத் துண்டு தங்கமென்றால் துருப்பிடிக்காது. ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லோடு படியவைக்கலாம். எதிர்ப்பல்லையும் அரைத்துத் தள்ளாது. நன்றாகச் செய்தது பல பத்தாண்டுகள் நிற்கும்.

ஆனால் மயிரிழை பிசகாமல் அந்தத் துண்டை எப்படி வார்ப்பது? 1907இல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நியூயார்க்கில் ஒரு வழியை விளக்கினார். பள்ளத்தில் மெழுகை அழுத்தி அச்செடுக்கவேண்டும். அந்த மெழுகைச் சுற்றி வெப்பம் தாங்கும் சாந்தைப் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகிப் போய்விடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய தங்கம் நிறையும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் தங்கம் தானாக இறங்காது என்பதால் வாயு அழுத்தத்தால் தள்ளினார். தங்கம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு போலச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைச் சாந்தின் விரிவால் ஈடுகட்டக் கற்றுக்கொள்ள பல் மருத்துவர்களுக்கு இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. டாகர்ட் காப்புரிமை வாங்கிச் சக மருத்துவர்களிடம் பணம் கேட்டார். வழக்கு நடந்தது. அயோவாவில் ஃபில்புரூக் என்ற பல் மருத்துவர் 1890களிலேயே இதை எழுதிவைத்திருந்தது வெளியே வந்து, உரிமை போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் உற்சவ அம்மன்தான் நினைவுக்கு வந்தாள். கும்பகோணத்துப் பக்கத்தில் உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு ஓடிய வழியாகவே உலோகத்தை ஊற்றுவார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வந்த வழியும் இதுதான். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரில் உள்ள ‘மானசோல்லாச’த்தில் இந்த முறை விரிவாக இருக்கிறது. அதற்காக, “பல் வைத்தியமே நம்மிடமிருந்து போனது” என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். மெழுகு வார்ப்பு உலகத்தில் பல இடங்களில் இருந்த தொழில். பிலிப்பீன்ஸின் பொலினாவோவில் கிடைத்த பழைய மண்டையோடு ஒன்றின் பற்களில் மீன்செதில்போலத் தங்கத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அது அலங்காரத்துக்கு; சொத்தைக்கு அல்ல.

என்னை உறுத்துவது வேறு. தொழில்நுட்பத்தின் மூத்த பிள்ளை தோட்டத்துக் கோயிலுக்குள்ளேயே நின்றது. வருஷா வருஷம் அதைத் தேரில் தூக்கிப்போனவர்கள் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மலாயாவுக்குள் பல் மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதே 1929இல்தான், சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் கல்லூரியில். அங்கிருந்து வெளிவந்த சிலபேர் எத்தனை தோட்டத்துக்குப் போகமுடியும்? நியூசிலாந்து 1921இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் தாதிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கியிருந்தது. அதே மாதிரியில் 1949இல் பினாங்கில் ஒரு பள்ளி திறந்தார்கள். என் பல் மிஸ்ஸி அந்த வரிசையில் வந்தவர். பாட்டியின் தலைமுறைக்கு இடுக்கி. என் தலைமுறைக்குப் பாதரசம். அந்த வெள்ளி அடைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலிவானது, ஒரே தடவையில் முடிவது, எச்சில் ஈரத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது. தோட்டத்துப் பள்ளி வராந்தாவில் மெழுகும் உலையும் வைத்து யார் தங்கம் வார்ப்பது?

இப்போது பெரும்பாலும் பீங்கான் துண்டுதான் வைக்கிறார்கள். கணினி அளவெடுத்துக் கடைந்துவிடுகிறது, மெழுகே கிடையாது. நான் பிடிவாதமாகத் தங்கம் கேட்டேன். பாட்டியின் உடைந்த தோடு ஒன்று வீட்டில் இருந்தது. அதை உருக்கலாமா என்றும் கேட்டேன். டாக்டர் சிரித்தார். நகைத் தங்கம் கடைவாய்க்குத் தாங்காதாம். செம்பு, வெள்ளி எல்லாம் கணக்காகக் கலந்த தனி உலோகம் வேண்டுமாம். தோடு தப்பியது, என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று.

பாட்டியிடம் வாயைத் திறந்து காட்டினேன். கைப்பேசி வெளிச்சம் அடித்து உற்றுப் பார்த்தார். “இம்மாங் காசு போட்டு உள்ளாற வச்சிருக்கியே, யாருக்குய்யா தெரியும்?” என்றார். பிறகு தன் பொய்ப்பல் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.