எண்ணுப்பெயர் வரிசையும் நுழைவுத் தேர்வுக் கணக்கும்: தாராவித் தமிழ்க் குழந்தைகளை முன்வைத்து

பள்ளி நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதி மாணவரின் கணித அறிவை மட்டும் அளப்பதன்று. வினா அமைந்த மொழியின் எண்ணமைப்பில் அவருக்குள்ள பழக்கத்தையும் உடன் அளக்கிறது. பல மொழிகள் அருகருகே வழங்கும் தாராவியை முன்வைத்து நோக்கின் இது தெளிவாகும்.

தாராவியில் தமிழர் குடியேற்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்டது. திருநெல்வேலிப் பகுதியினர் பலர் தோல் பதனிடும் தொழிலை ஒட்டி அங்குக் குடியேறினர். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. 1967இல் புனேயில் நிறுவப்பட்ட பாலபாரதி என்னும் பாடநூல் நிறுவனம் தமிழிலும் கணக்கு நூல்களை வெளியிட்டுள்ளது. ஆயினும் தெருவிலும் கடையிலும் குழந்தையின் காதில் விழும் எண்கள் பெரும்பாலும் மராத்தியும் இந்தியுமே.

திண்ணைப் பள்ளிகளில் கணக்கு என்பது எண்சுவடியை மனனம் செய்வதாக இருந்தது. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) ஆகிய பின்னங்கள் நிலத்தையும் நெல்லையும் அளக்கும் வாழ்க்கையோடு பிணைந்தவை. 1957இல் பதின்ம நாணய முறை வந்தபின் அவற்றின் அன்றாடப் பயன் மேலும் சுருங்கியது. மறுபுறம், பிரான்சில் 1905இல் பினே உருவாக்கிய அறிவுச் சோதனை முறை இந்தியாவிலும் பரவியது. வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக அதனைத் திருத்தியமைத்து 1934இல் கட்டுரையாகவும் 1940இல் நூலாகவும் வெளியிட்டார். சோதனையை மொழிதோறும் தழுவியமைக்க வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டிருந்தது. 1961 முதல் தோன்றிய சைனிக் பள்ளிகளின் ஆறாம் வகுப்புத் தேர்வில் இன்று 300 மதிப்பெண்களில் 150 கணக்கிற்கு உரியவை. அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

மொழியமைப்பின் வேறுபாடு மூன்று நிலைகளில் புலப்படுகிறது. முதலாவது, எண்ணுப்பெயர் வரிசை. 25ஐத் தமிழ் ‘இருபத்தைந்து’ எனப் பத்தை முன்வைத்துக் கூறும். மராத்தி ‘பஞ்சவீஸ்’ என ஐந்தை முன்வைக்கும். 39 மராத்தியில் ‘ஏகோணசாளீஸ்’, அதாவது நாற்பதிற்கு ஒன்று குறைவு. 2019இல் பாலபாரதியின் இரண்டாம் வகுப்பு நூல், 21ஐ ‘ஏக்வீஸ்’ என்பதோடு ‘வீஸ் ஏக்’ எனவும் படிக்கும் முறையைப் புகுத்தியபோது பெருஞ்சர்ச்சை எழுந்தது. பாடக்குழுத் தலைவர் மங்களா நார்லீகர் தென்னிந்திய மொழிகளின் முறையைச் சான்றுகாட்டி அதனை விளக்கினார். தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை ஒழுங்கிற்குப் புறம்பானவையே. எனினும் வரிசை மாறுவதில்லை. செக் மொழியில் இருவகை வரிசையும் வழங்குகின்றன. அம்மொழிக் குழந்தைகள் ஒன்றை முன்வைக்கும் வடிவத்தைக் கேட்டு எழுதுகையில் இலக்கங்களை இடம்மாற்றும் பிழை மிகுவதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது, பின்னம். தமிழில் ‘ஐந்தில் மூன்று’ எனப் பகுதி எண் முன்வரும். மராத்தியில் ‘தீன் பஞ்சமாம்ஷ்’ எனத் தொகுதி எண் முன்வரும். சொல் வரிசையை அப்படியே பெயர்த்து ‘மூன்றில் ஐந்து’ என எழுதும் மொழிபெயர்ப்பாளர் வினாவின் மதிப்பையே மாற்றிவிடுகிறார். மூன்றாவது, வினாச்சொல். எண்ணத்தகும் பொருளுக்கு ‘எத்தனை’, அளக்கத்தகும் பொருளுக்கு ‘எவ்வளவு’ எனத் தமிழ் வேறுபடுத்தும். மராத்திக்குக் ‘கிதீ’ ஒன்றே போதும். ஆகவே தமிழ் வினாத்தாளில் உள்ள ஒரு குறிப்பு மராத்தி வினாத்தாளில் இல்லை.

அச்சிட்ட வினாத்தாளில் எண்கள் இலக்கங்களாகவே வருவதால் முதல் வேறுபாடு அங்கே நேரடியாகத் தாக்காது. ஆனால் பயிற்சி வாய்ப்பாட்டாலும் மனக்கணக்காலும் நடைபெறுவது. அங்கே செவியே வாயில். 25ஐ 52 என எழுதும் குழந்தைக்கு இடமதிப்பு விளங்காதிருக்கலாம். அல்லது இருமொழி வரிசைகளுக்கிடையே அது தடுமாறியிருக்கலாம். முன்னதற்கு மருந்து கணக்குப் பயிற்சி. பின்னதற்கு, எண்ணை இரு மொழியிலும் சொல்லி ஒப்பிட்டுக் காட்டுதல். இரண்டையும் பிரித்தறியாத தேர்வு மொழிப்பிழையை அறிவுக்குறையாகப் பதிவு செய்துவிடும். அப்பதிவினால் இடம் இழப்பது குழந்தையே.