மின்குறிப்பேடு

மின்குறிப்பேடு என்பது எழுத்து, படம், ஒலி ஆகிய மூவகைக் குறிப்புகளையும் கைப்பேசியிலோ கணினியிலோ பதிந்து, தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்து, வேண்டும்போது சொல்லைக் கொண்டு தேடி எடுக்க உதவும் செயலியாகும். கல்லூரி மாணாக்கர் இதனை வகுப்புக் குறிப்பு எழுதவும், கரும்பலகையில் உள்ளதைப் படம் பிடித்துச் சேர்க்கவும், ஒப்படைப்புக்குரிய கெடுநாளை ஞாபகத்தில் வைக்கவும் உபயோகிக்கின்றனர். நோட்டுப் புத்தகங்களும் டைரிகளும் அச்சாகி நாடெங்கும் செல்லும் சிவகாசி வட்டாரத்திலும் இப்பழக்கத்துக்கு இடமுண்டாதலின், அவ்வட்டாரத்தைச் சேர்ந்த திருத்தங்கலின் சூழலை முன்னிறுத்தி இங்கே விளக்கப்படுகிறது.

தோற்றம்

ஒருவர் தாம் படித்தவற்றையெல்லாம் நுண்படச்சுருளில் சேமித்து, ஒன்றையொன்று தொடர்புபடுத்தி, நொடியில் மீட்டெடுக்கத்தக்க ‘மெமெக்ஸ்’ என்னும் மேசை வடிவச் சாதனத்தை அமெரிக்க விஞ்ஞானியாகிய வானிவர் புஷ் 1945-இல் ஒரு கட்டுரையில் கற்பனை செய்தார். அச்சாதனம் செய்யப்படவில்லையாயினும், அதன் கருத்தையொத்த செயலிகள் அடுத்த நூற்றாண்டில் வரிசையாக வெளிவந்தன. மைக்ரோசாப்டின் ஒன்நோட் 2003-லும், எவர்நோட் 2008-லும், கூகுள் கீப் 2013-லும், நோஷன் 2016-லும், அப்சிடியன் 2020-லும் வழக்கிற்கு வந்தன. தமிழில் எழுதுவோர்க்கு இவை பயன்பட்டமைக்கு, 1991-இல் ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றதும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து ‘தமிழ் 99’ விசைப்பலகை அங்கீகாரம் பெற்றதும் முக்கிய காரணங்களாகும்.

வட்டாரச் சூழல்

சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ‘தங்கால்’ என ஒட்டி வழங்கும் பழம்பதியும், நின்ற நாராயணப் பெருமாள் கோயிலால் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதுமாகிய திருத்தங்கல், 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. 1963-இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும், 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியற் கல்லூரியும் இவ்வூர் மாணாக்கர் வீட்டிலிருந்தே சென்று படிக்கத்தக்க அண்மையில் உள்ளன. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுமே ஜீவனமாக உள்ள இவ்வட்டாரத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் குடும்பம் முழுவதும் ஓய்வின்றி உழைக்கும் காலம். பருவமுறைக் கல்லூரிகளில் ஆண்டின் முதற்பருவத் தேர்வோ பெரும்பாலும் அதனை ஒட்டியே வருகிறது. ஆகவே, படிப்பைக் கடைசி மாதத்துக்கென்று ஒதுக்கி வைப்பவர், வீட்டு வேலையும் தேர்வும் ஒருங்கே நெருக்கும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாவர். அன்றன்றைக்குக் குறிப்பைச் சீர்படுத்தும் பழக்கம் பிற இடங்களினும் இங்கே அதிகப் பிரயோஜனம் உடையதாதற்கு இதுவே காரணம்.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் மாணாக்கர் முதலாண்டிலேயே கற்கும் கணக்கியற் சம்பிரதாயம் ஒன்று இச்செயலியின் சரியான உபயோகத்தை நன்கு விளக்கும். மண்டி வியாபாரி பகலெல்லாம் நடந்த கொடுக்கல் வாங்கலை, வந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதிக்கொண்டு, கடை ஓய்ந்தபின் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்; பாடநூல்கள் முன்னதைக் குறிப்பேடு என்றும், பின்னதற்கு மாற்றுவதை எடுத்தெழுதுதல் என்றும் வழங்குகின்றன. மின்குறிப்பேட்டிலும் அவ்வாறே ‘இன்று’ என்றொரு பொதுப் பக்கம் அமைத்து, வகுப்பில் கேட்டதும் படம் பிடித்ததும் அனைத்தையும் அதில் இட்டு, இரவில் கால்மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் பாடத்துக்குரிய பக்கத்துக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அப்போது பருவம், தாள், அலகு என்னும் மூன்று படிகளே போதும். அதனினும் நுட்பமாகப் பிரிப்பவர், பிரித்த இடத்தைத் தேடுவதிலேயே பொழுதைப் போக்குவர். குறிப்பை இடம் மாற்றுகையில் அதன் தலையில் ஒரு வினாவை எழுதி வைப்பது, தேர்வுக்குமுன் விடையை மறைத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள உதவும். அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாக் என்பவர் தாளின் இடப்பக்கத்தில் வினாவுக்கென இடம்விட்டு எழுதப் பழக்கியதும் இக்கருத்துப் பற்றியே.

தமிழ்க் குறிப்பில் தேடல்

தேடும் வசதியே மின்குறிப்பேட்டின் உயிர்நிலையாயினும், தமிழில் அதனைக் கையாள்வதற்குச் சிறிது விவேகம் வேண்டும். எழுத்துக்களை அப்படியே ஒப்பிட்டுத் தேடும் செயலியில் ‘பேரேடு’ என்று தேடினால் ‘பேரேட்டில்’ என்றிருக்கும் இடம் அகப்படாது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் ஈறு திரிவதால், ‘பேரே’ என மாறாத முற்பகுதியை மட்டும் இடுதல் நலம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய வினாத்தாளையோ பாடக் குறிப்பையோ ஒட்டினால், அது ரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றி, எத்தேடலுக்கும் அகப்படாது. அதனை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

குறைபாடுகள்

2014-இல் அமெரிக்காவில் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வொன்று, கணினியில் தட்டெழுதுவோர் ஆசிரியர் சொல்லைச் சொல்லுக்குச் சொல் படியெடுப்பதால், கருத்தை வினவும் கேள்விகளில் கையால் எழுதுவோரினும் பின்தங்குகின்றனர் என்றது. 2019-இல் வேறு சிலர் அதனை மீண்டும் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வேற்றுமை தோன்றவில்லை. வகுப்பில் தாளில் எழுதி, இரவில் மின்குறிப்பேட்டுக்குச் சுருக்கி ஏற்றுவது இரண்டன் நன்மையையும் ஒருங்கே தரும். கணிதச் சமன்பாடும் பொறியியல் வரைபடமும் இன்றும் தாளிலேயே விரைந்து வருகின்றன. செயலியை நடத்தும் நிறுவனத்தின் நிபந்தனை மாறக்கூடும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது: எவர்நோட் 2023 டிசம்பரில் கட்டணமில்லாக் கணக்கை 50 குறிப்புகளுக்குள் வரையறுத்தது. பருவந்தோறும் குறிப்புகளின் பிரதியொன்றை எளிய கோப்பாகத் தனியே எடுத்து வைப்பவர்க்கு இவ்வச்சம் இல்லை.

இவையனைத்தினும் பெரிய குறை, சேர்த்து வைத்ததையே படித்ததாகக் கருதும் மயக்கமாகும். கரும்பலகைப் படங்கள் தேதிவாரியாகக் குவிந்து கிடக்கும் மின்குறிப்பேடு, பேரேட்டில் ஏறாத சிட்டையைப் போல, என்ன வாங்கினோம் என்று சொல்லுமேயன்றி, கையிருப்பு எவ்வளவு என்று சொல்லாது.