விலைப்பட்டியலும் கையொப்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பகுதிநேரப் பயிற்றுநர், மொழிபெயர்ப்பாளர், சிற்றச்சக உரிமையாளர் போன்றோர் தம் பணியை முடித்துக் கொடுத்தபின் அனுப்பும் விலைப்பட்டியல், ‘கையொப்பம் இல்லை’ என்னும் ஒரே காரணத்தால் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வருவதுண்டு. பணம் தரவேண்டிய நிறுவனத்திற்கு அது தாளில் கண்ட ஒரு குறை; தனித்தொழில் செய்வோருக்கோ அது ஒரு மாத வாடகை. பெரிய நிறுவனங்கள் அனுப்பும் பட்டியல்களின் அடியில், ‘இது கணினிவழி உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்னும் வரி காணப்படுகிறது. அவற்றை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. இன்வாய்ஸ் என வழங்கும் விலைப்பட்டியலுக்குக் கையொப்பம் உண்மையிலேயே தேவையா என்னும் வினாவை ஆவண வரலாற்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் ஆவண மரபு

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவிற்பனை ஆவணங்கள் பல இடம்பெற்றுள்ளன. விற்றவரும் சாட்சிகளும் ‘இவை என் எழுத்து’ என்பது போன்ற தொடர்களால் அவற்றை உறுதிசெய்தனர். எழுதத் தெரியாதோர் இட்ட அடையாளம் ‘தற்குறி’ எனப்பட்டது. அக்குறி இன்னாருடையதே என எழுதத் தெரிந்த மற்றொருவர் சான்றளித்தார். கல்லாதவரைப் பழிக்கும் சொல்லாக இன்று வழங்கும் ‘தற்குறி’, முதலில் ஓர் ஆவணச் சொல்லே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விற்பனை ஆவணங்களில் ‘பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை’ என்னும் தொடர் பயின்று வருகிறது. விலைப்பொருள் முழுதும் செலுத்தப்பட்டமைக்கு இவ்வோலையே சான்று, வேறு ஓலை காட்ட வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. அதாவது, விற்பனை ஆவணமும் பற்றுச்சீட்டும் ஒரே ஓலையில் அடங்கின. விற்றவர் நிலத்தின்மீது தமக்கிருந்த உரிமையை விடுகிறார். பணம் பெற்றதையும் ஒப்புக்கொள்கிறார். ஆதலின் அவர் ஒப்பம் இன்றியமையாததாயிற்று.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஒரு வழக்காகவே நடைபெறுகிறது. முதியவர் ஆளோலையைக் காட்டித் தம் உரிமையைக் கோருகிறார். அவையோர், சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கியே தீர்ப்பளிக்கின்றனர். உரிமை கோரியவரின் எழுத்தை அவர்கள் கேட்கவில்லை; கடப்பாட்டை ஏற்றவரின் எழுத்தையே ஆராய்ந்தனர். ஒப்புநோக்க மற்றோர் எழுத்து இருந்தமையால்தான் அவ்வாய்வு இயன்றது என்பதும் கருதத்தக்கது.

இவற்றால், ஓர் ஆவணம் எவரைக் கட்டுப்படுத்துகிறதோ அவருடைய ஒப்பமே முதன்மையானது என்னும் நெறி புலனாகிறது.

ஆங்கிலச் சட்டத்தில் விலைப்பட்டியல்

மலேசிய வணிகச் சட்டத்தின் வேர்களுள் ஒன்றான ஆங்கிலச் சட்டமும் இந்நெறியையே வேறு வழியில் வந்தடைந்தது. 1677ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம், 10 பவுனும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள சரக்கு விற்பனைக்கு எழுத்துக் குறிப்பு வேண்டும் என்றது. சரக்கின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டாலோ பணத்தில் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தாலோ அக்குறிப்பும் தேவையில்லை. குறிப்பில் ஒப்பமிட வேண்டியவர், எவர்மீது பொறுப்புச் சுமத்தப்படுகிறதோ அவர். பணம் கேட்டு வழக்கிடும் விற்பனையாளர் தம் ஒப்பத்தைக் காட்டிப் பயனில்லை. வாங்கியவரின் ஒப்பத்தையே காட்ட வேண்டும்.

விற்பனையாளர்மீது வழக்கு வரும்போதுதான் அவருடைய ஒப்பம் வினாவாகியது. 1814இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஷ்னைடர் எதிர் நோரிஸ் வழக்கில், விலைப்பட்டியலின் தலைப்பில் விற்பனையாளரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவரின் பெயர் மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது. அச்சிட்ட அப்பெயரையே விற்பனையாளரின் ஒப்பமாக நீதிமன்றம் ஏற்றது. கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அச்சுத் தலைப்பு கையொப்பத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது எனலாம். சரக்கு விற்பனைக்கான அவ்வெழுத்துக் கட்டாயமும் 1954இல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது.

மலாயாவில்

மலாயாவின் ஒப்பந்தச் சட்டம், சான்றுச் சட்டம் ஆகிய இரண்டும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டங்களை அடியொற்றியவை. 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுத்து வழியாகவோ வாய்மொழியாகவோ அமையலாம். ஒப்பந்தத்திற்கே கையொப்பம் கட்டாயமில்லாதபோது, அதன் பின்னர் எழும் பட்டியலுக்கு அது பொதுச்சட்டத்தால் வேண்டப்படவில்லை என்பது வெளிப்படை.

நகரத்தார் கிட்டங்கிகளில் பேரேடுகள் ஒழுங்காகப் பேணப்பட்டன. எனினும், ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கேடு சான்றாகலாமேயன்றி, அது மட்டுமே ஒருவர்மீது பொறுப்புச் சுமத்தப் போதாது என்கிறது சான்றுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. கடன் கொடுத்தவரின் எழுத்து எத்துணைச் செம்மையாயினும் அது அவருடைய கூற்றே. அதனால்தான் கடன் பெற்றவரிடம் கையொப்பமிட்ட கடனுறுதிச் சீட்டு வாங்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டமும் கடன் பெற்றவரின் ஒப்பத்தையே வலியுறுத்தியது. 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் இதனை ஒத்தது: ஒப்பந்தக் கடனுக்கு வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு, கடனாளி தம் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அக்காலம் புதிதாகத் தொடங்கும்.

வரிச்சட்டமும் மின்னாவணமும்

கையொப்பக் கட்டாயம் எங்கும் இல்லை என்று கூறிவிடவும் இயலாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுப் பொருள் சேவை வரி விதிகளில் 46ஆம் விதி, பட்டியலில் வழங்குநரின் கையொப்பத்தையோ எண்முறைக் கையொப்பத்தையோ வேண்டுகிறது. மின்னணுப் பட்டியலுக்கு 2018இல் விலக்களிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2001ஆம் ஆண்டு நெறியுரையில், பட்டியலில் கையொப்பமிடுமாறு உறுப்பு நாடுகள் கட்டாயப்படுத்தலாகாது என்றது. மலேசியாவில் 2015 முதல் 2018 வரை நடப்பிலிருந்த பொருள் சேவை வரி, வரிசை எண், நாள், பதிவெண், தொகை முதலியவற்றைப் பட்டியலில் வேண்டியது, கையொப்பத்தை வேண்டவில்லை.

2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம், ஆளை இனங்காட்டி அவர்தம் ஒப்புதலைப் புலப்படுத்தும் நம்பகமான மின்கையொப்பத்தை ஏற்றது. 2024 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, மின்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இதில் உள்நாட்டு வருமான வரி வாரியம் பட்டியலைச் சரிபார்த்துத் தனி அடையாள எண் வழங்குகிறது. தற்குறிக்கு அருகிலிருந்து சான்றளித்தவரின் இடத்தில் இன்று அரசின் கணினி அமர்ந்திருக்கிறது எனலாம்.

முடிவுரை

விலைப்பட்டியல் ஒரு கோரிக்கை. பற்றுச்சீட்டு ஓர் ஒப்புதல். விற்பவர் பணம் பெற்றதை ஒப்புக்கொள்ளும் பற்றுச்சீட்டில் அவர் கையொப்பத்திற்குப் பொருள் உண்டு. பணம் கேட்கும் பட்டியலில் அது பெரும்பாலும் மரபின் எச்சமே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே அலுவலகங்களில் நேரும் குழப்பத்திற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. கையொப்பம் மோசடியைத் தடுக்கும் என்பாரும் உளர். மாதிரி ஒப்பம் கையில் இல்லாத கணக்கர் எதனோடு எதனை ஒப்புநோக்குவார்? வங்கிக் கணக்கு எண்ணை, முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்வதே அவருக்கு உதவும்.

ஒப்பந்தத்திலோ நிறுவன விதியிலோ கையொப்பம் கேட்கப்பட்டிருப்பின் இட்டுவிடுதல் நன்று, அதனால் இழப்பில்லை. ஆயினும் சிறுதொழில் செய்வோர் தேட வேண்டியது தம் கையொப்பத்தையன்று. பணியை ஒப்படைக்கும் நாளிலேயே, வாங்குபவரின் ஒப்புதலை எழுத்திலோ மின்னஞ்சலிலோ, ‘டி.ஓ.’ என வழங்கும் ஒப்படைப்புச் சீட்டில் பெறும் கையொப்பமாகவோ வாங்கி வைத்தல் வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவை தேடியது கடப்பாட்டை ஏற்றவரின் எழுத்தையே. இன்றைய வழக்குமன்றமும் அதனையே முதலில் தேடும்.